சட்பெரியில் ஐந்து நாட்கள்: கறுத்த பாறையும் தெளிந்த ஏரியும்

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளிக்கிழமை. ஸ்காபரோவிலிருந்து வடக்கே

என் கணவர் 1991ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்த புதிதில் எட்டு மாதங்கள் ஒன்ராறியோவின் நிக்கல் சுரங்க நகரமான சட்பெரியில், ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கரிக்கட்டை போலக் கறுத்த மலைகளையும், குளிர்காலத்தில்கூட மூக்கில் ஏறிய தீக்குச்சி வாடையையும்தான் சொல்வார். "மரம் இருக்கிற இடத்தை விரல் விட்டு எண்ணலாம்" என்று அவர் சொல்வதைக் கேட்டே வளர்ந்த எங்கள் மகள் இவ்வருடம் பள்ளியில் சூழலியல் பாடம் எடுத்திருக்கிறாள். அந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

நீண்ட வார இறுதி என்பதால் நெடுஞ்சாலையில் வாகனங்கள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. நாலரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயணம் ஏழு மணி நேரம் எடுத்தது. பாரி சவுண்டுக்கு அருகே நிறுத்தி, வீட்டிலிருந்து கட்டி வந்த மட்டன் ரோல்ஸையும் மீன் பணிஸையும் சாப்பிட்டோம். குடுவையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. பிரெஞ்சு ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாலையின் இரு மருங்கிலும் இளஞ்சிவப்புப் பாறையும் பைன் மரங்களும் மாறி மாறி வந்துகொண்டிருக்க, கணவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். விடுதிக்கு வந்து சேர்ந்த பிறகுதான், "ஊர் எப்போது தொடங்கியது என்றே எனக்குத் தெரியவில்லை" என்றார். முன்பெல்லாம் மரங்கள் நின்றுபோகும் இடத்தை வைத்து ஊர் வந்துவிட்டது என்று அறிந்துகொள்வார்களாம்.

விடுதி வாடகை இரவுக்கு 169 டொலர். அறை சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. சட்பெரி

கில்லார்னி மாகாணப் பூங்காவுக்கு இன்று போவதாக இருந்தோம். அங்கே வாகனம் நிறுத்துவதற்கு நாள் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்திருக்க வேண்டும் என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். சனியும் ஞாயிறும் தீர்ந்துவிட்டிருந்தன. திங்கட்கிழமைக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. மகளின் முகம் வாடிப்போயிற்று. ஆனால் அந்தத் தவறினால்தான் இன்றைய நாள் எங்களுக்கு இப்படி அமைந்தது.

காலை உணவுக்குப் போன சிறிய கடையில் அமர இடமில்லை. அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தாம் தனியாக இருந்த மேசையைக் காட்டி எங்களை அழைத்தார். பேசத் தொடங்கிய பத்து நிமிடத்தில், 1978ஆம் ஆண்டுக் கோடையில் இந்த ஊர் மலைகளில் சுண்ணாம்பு தூவிய மாணவர்களுள் தாமும் ஒருவர் என்று அவர் சொன்னபோது, மகள் முட்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வருடம் சுரங்க வேலைகளில் ஆட்குறைப்பு நடந்து ஊரே வாடியிருந்த நேரமாம். மாணவர்களுக்குக் கோடைகால வேலை கொடுக்க வேண்டிய தேவையும், நிலத்தைச் சீர்ப்படுத்த வேண்டிய தேவையும் ஒன்றாகச் சேர்ந்ததில் தொடங்கியதுதான் இங்குள்ள மறுபசுமையாக்கத் திட்டம். இன்றுவரை நட்ட மரங்கள் 1 கோடிக்கும் மேல்.

நிலம் ஏன் மொட்டையானது என்பதை அவர் ஒரு காகிதக் கைக்குட்டையில் படம் வரைந்தே விளக்கினார். இங்குள்ள தாதுவில் நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு கலந்து கிடக்கின்றன. 1888 தொடங்கி நாற்பது ஆண்டுகள் அந்தக் கந்தகத்தை நீக்குவதற்காக, வெட்டிய மரங்களை வெட்டவெளியில் அடுக்கி, மேலே தாதுவைக் குவித்து, மாதக்கணக்கில் எரிய விட்டார்கள். புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்தது. விறகுக்காகவும் கட்டைக்காகவும் காடு வெட்டப்பட்டது. எஞ்சியதைக் காட்டுத்தீயும் புகையும் தின்றன. பிடித்து வைக்க வேர் இல்லாததால் மண் மழையோடு இறங்கிப்போனது. வெளியே தெரிந்த பாறை அமிலத்தினால் கறுத்தது. 1929இல் வெட்டவெளிக் களங்கள் மூடப்பட்ட பின்னும் உருக்காலைகளின் புகை நிற்கவில்லை. 1960களில் ஆண்டுக்கு 20 லட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட கந்தக டைஆக்சைடு இந்த ஒரு வட்டாரத்திலிருந்து வெளியேறியது. சுமார் 20,000 ஹெக்டேர் முற்றிலும் மொட்டையாகவும், அதைச் சூழ்ந்த 80,000 ஹெக்டேர் குட்டையான பேர்ச் மரங்கள் மட்டும் நிற்கும் அரைமொட்டையாகவும் ஆயிற்று.

முதலில் போனது வெள்ளைப் பைன் என்றார். கந்தகப் புகையைத் தாங்காத மரம் அது. அதற்கும் முன்பே, யாரும் கவனிக்காமல் போனவை பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் படரும் கல்பாசிகள். பிரியாணிக்கு இந்தியக் கடையில் வாங்குகிறோமே, அதே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு வேர் கிடையாது; தமக்கு வேண்டிய நீரையும் உணவையும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நேரே உறிஞ்சிக்கொள்வதால் காற்றில் உள்ள நஞ்சையும் அப்படியே உள்ளே எடுத்துக்கொள்கின்றன. காற்று கெட்டால் மனிதன் இருமுவதற்கு முன் கல்பாசி செத்துவிடும். உருக்காலைக்கு அருகே நகர நகர அவற்றின் வகைகள் குறைந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாத வெற்றிடம் இருந்ததை ஆய்வாளர்கள் அந்தக் காலத்திலேயே வரைபடமாக்கியிருக்கிறார்கள்.

அவருக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தோம். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மற்றதை மனைவிக்கென்று தாளில் சுற்றி வைத்துக்கொண்டார். நாளை காலை தாம் நட்ட இடத்தைக் காட்டுவதாகவும் சொன்னார்.

பிற்பகலில் வெயில் 31 பாகை. கணவர் தாம் தங்கியிருந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். வீடு அப்படியே இருந்தது, அதன் பின்னாலிருந்த மலையைத்தான் காணவில்லை. உண்மையில் மலையும் அங்கேயேதான் இருந்தது. மரங்கள் மூடிவிட்டதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேலிக்கு வெளியே நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்காரப் பெண்மணி என்னவென்று கேட்க வந்து, கதையைக் கேட்டதும் ஆளுக்கொரு கிண்ணத்தில் குளிர்ந்த தர்ப்பூசணித் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மதிய உணவு போர்கெட்டா. பூண்டும் பெருஞ்சீரகமும் சேர்த்து மணிக்கணக்காக வாட்டிய பன்றி இறைச்சியை உருண்டைப் பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். சுரங்க வேலைக்கு வந்த இத்தாலியர்கள் கொண்டுவந்த உணவு. 14 டொலர், ஒன்றை இருவர் சாப்பிடலாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. பாறை, சுண்ணாம்பு, புகைபோக்கி

காலையில் வானம் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தது. காட்டுத்தீப் புகை. சூரியனை நேராகப் பார்க்க முடிந்தது, தொண்டை கரகரத்தது. பெரியவர் சொன்னபடி எட்டு மணிக்கு வந்து காத்திருந்தார்.

அவர் அழைத்துச் சென்ற குன்று சாலையிலிருந்து பத்து நிமிட நடை. தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல காடு. கிட்டப் போனால்தான் ஒன்று உறைக்கிறது: பைன் மரங்கள் எல்லாம் ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே வயது. குஞ்சும் கிழமும் கலந்து நிற்கிற காடு அல்ல அது. கீழே செடிகொடிகள் மிகக் குறைவு. பெரியவர் குனிந்து பைன் ஊசிகளை ஒதுக்கினார். உலர்ந்த ஊசிகள் நாலு விரல் கனத்துக்கு, மட்காமல், அடுக்கடுக்காகக் கிடந்தன. அதற்கும் கீழே கொத்தமல்லி விதை அளவில் வெள்ளைச் சரளை. எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். "நாங்கள் போட்டது" என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கரையாமல் மிச்சமிருந்த டோலமைட் சுண்ணாம்புக் கல்.

ஹெக்டேருக்கு 10 தொன் என்பது கணக்கு. செங்குத்தான பாறையில் இயந்திரம் ஏறாது. மூட்டைகளைத் தோளில் சுமந்து ஏறி, கையால்தான் தூவினார்கள். மண்ணில் படிந்துபோன செம்பும் நிக்கலும் அமிலச் சூழலில் கரைந்து வேர்களைக் கருக்கிவிடும். சுண்ணாம்பு அமிலத்தைத் தணித்ததும் அவை மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடுகின்றன. உலோகங்கள் போய்விடுவதில்லை, பல் பிடுங்கிய பாம்பாகக் கிடக்கின்றன. சுண்ணாம்பு தூவிய இடத்தில் புல் விதையும் பயறு வகை விதையும் தெளித்த பிறகு, யாரும் நடாமலேயே பேர்ச்சும் பொப்ளரும் காற்றில் விதை வந்து முளைத்தனவாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றே தழுதழுத்தது.

மட்காத ஊசிகளைப் பற்றி மகள் கேட்டாள். இலைதழையை மண்ணாக மாற்றும் புழு, பூச்சி, பூஞ்சணம் எல்லாம் மரங்களைப் போல நாற்றுப் பண்ணையில் கிடைப்பவை அல்ல என்றார். உலோகம் ஊறிய மண்ணில் அவை மெல்லத்தான் திரும்புகின்றன. ஆகையால் அண்மைக் காலமாக, நெடுஞ்சாலை போடுவதற்காக அழிக்கப்படும் நல்ல காட்டின் தரையைப் பாய் போல உரித்தெடுத்து இங்கே கொண்டுவந்து பதிக்கிறார்கள். அப்படிப் பதித்த ஒரு திட்டைக் காட்டினார். ஒரு கட்டில் அகலம். அதில் நான் பாசியையும் சிறு பன்னத்தையும் வேறு நாலு வகைச் செடிகளையும் எண்ணினேன். திட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, வெறும் ஊசிகள்.

ஒரு பாறைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளியே தார் பூசியதுபோல் கறுப்பு. உடைந்த முகத்தில் சற்று ஒளிரும் இளஞ்சிவப்பு. இந்த ஊருக்கு அப்பல்லோ விண்வெளி வீரர்கள் 1971இல் பயிற்சிக்கு வந்தது, நிலம் சந்திரனைப் போல் மொட்டையாக இருந்ததால்தான் என்று கணவர் இத்தனை காலமும் எங்களுக்குச் சொல்லி வந்தார். பெரியவர் திருத்தினார்: சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உண்டான பள்ளம் இது, அந்த மோதலின் தடங்களைப் பாறையில் படிக்கவே அவர்கள் வந்தார்கள்.

குன்றின் உச்சியிலிருந்து உருக்காலையின் பெரும் புகைபோக்கி தெரிந்தது. உயரம் 381 மீற்றர். அது கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1970 ஆகஸ்டில், சூறாவளி தாக்கியது. உச்சியில் இருந்த தொழிலாளர்கள் உயிர் தப்பியதை இந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். 1972இல் அது இயங்கத் தொடங்கியதும் ஊருக்குள் மூச்சு விட முடிந்தது; பழைய உருக்காலை ஒன்றும் மூடப்பட்டது. ஆனால் உயரத்தில் விட்ட கந்தகம் காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போய், அமிலமாக மாறி, மழையோடும் பனியோடும் வேறெங்கோ இறங்கியது. ஒரு வீட்டின் குப்பையை மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டுக்குள் எறிந்ததற்கு ஒப்பான காரியத்தைத்தான் அக்காலம் தீர்வு என்று நம்பியது. கந்தகத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்க வேண்டும் என்று 1985இல் ஒன்ராறியோ அரசு உச்சவரம்பு விதித்த பின்னர் வெளியேற்றம் மேலும் குறைந்தது. இன்று அன்றைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட வெளியேறுவதில்லை. 2020இல் அந்தப் புகைபோக்கி ஓய்வு பெற்றது. இனி அதை அகற்றப்போகிறார்கள்.

மாலையில், ஐந்து சத நிக்கல் நாணயத்தின் வடிவில் நிறுத்தியிருக்கும் 9 மீற்றர் உயரச் சின்னத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நல்ல கூட்டம்.

ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை. கில்லார்னி

நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். கடைசி 67 கிலோமீற்றர் ஒற்றைச் சாலை; கடையும் இல்லை, தொலைபேசி அலையும் இல்லை. வழியில் நுளம்புகள் வாகனத்துக்குள் புகுந்துகொண்டு எங்களைப் பதம் பார்த்தன.

கில்லார்னியின் மலைகள் வெள்ளை. பனி பெய்திருக்கிறதோ என்று எண்ணும்படி குவார்ட்சைட் பாறை பளபளக்கிறது. இந்த அழகுக்காகவே ஓவியர்கள் இங்கே வந்தார்கள்; ஏ. வை. ஜாக்சன் 1931இல் ஓர் ஏரிக்கரைக் காட்டை வெட்டவிடாமல் காப்பாற்றப் பாடுபட்டார். இப்படிப் பாடுபட்டுக் காத்த இடம். ஆனால் காற்றுக்கு வேலி போட முடியவில்லை.

ஜோர்ஜ் ஏரியின் கரையில் நின்றபோது நானும் எல்லோரையும் போல வியந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று குனிந்தால் என் கால்நகங்களை எண்ண முடிந்தது. ஊரில் கண்ணாடி போன்ற நீர் என்றால் அது நீருக்கு நாம் கொடுக்கும் மிகப் பெரிய பாராட்டு. தெளிந்த நீர், தெளிந்த மனம் என்றெல்லாம் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மகள்தான் என் கையைப் பிடித்து, "அம்மா, எங்கட ஊர்க் குளம் இப்பிடியா இருந்தது?" என்று கேட்டாள். இல்லை. எங்கள் குளம் பாசியும் தாமரையும் தவளைக் குஞ்சுமாகக் கலங்கித்தான் கிடந்தது; கால் வைத்தால் மீன் கடிக்கும்.

இந்தப் பூங்காவின் பல ஏரிகள் இவ்வளவு தெளிந்திருப்பதற்கு ஒரு காரணம் அமிலம். காட்டிலிருந்து கசிந்து வரும் இலைச்சாறுதான் ஏரி நீருக்குத் தேநீரின் நிறத்தைக் கொடுக்கிறது. அமிலம் கூடினால் அது நீரிலிருந்து நீங்கிவிடும். வெள்ளை மலைக்குச் சுண்ணாம்பு கிடையாது, ஆகவே விழுந்த அமிலத்தைத் தணிக்க எதுவும் இல்லை. பி.எச். என்பது அமிலத்தை அளக்கும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்; அது 6க்குக் கீழே இறங்கும்போது முதலில் போவது சிறிய கூனி வகைகளும் நன்னீர் நண்டும் மின்னோ மீன்களும். 5ஐ நெருங்கும்போது பாஸும் ஏரி ட்ரவுட்டும் முட்டையிட்டும் குஞ்சு தேறாமல் கிழடாகி ஒழிகின்றன. செத்து மிதக்கிற மீனை யாரும் பார்ப்பதில்லை. குஞ்சு இல்லாத வீடு போல ஏரி ஓசையின்றி வெறுமையாகிறது.

வட அமெரிக்காவில் இதை முதன்முதலில் கண்டுகொண்ட இடங்களுள் ஒன்று இது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஹரல்ட் ஹார்வி 1966இல் இப்பூங்காவின் லம்ஸ்டன் ஏரியில் சாமன் குஞ்சுகளை விட்டார். அடுத்த வருடம் ஒன்றுகூட இல்லை. தேடப்போன அவரும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் பீமிஷும் ஏரி ஏரியாக மீன்கள் அழிந்துகொண்டிருப்பதைக் கண்டார்கள். பெரும் புகைபோக்கி எழும்புவதற்கு முன்பே, பழைய புகைபோக்கிகளின் காலத்திலேயே, இது நடந்துவிட்டது. சட்பெரியின் புகையால் அமிலமான ஏரிகள் சுமார் 7,000 என்று மதிப்பிடுகிறார்கள்.

ஏரிக்கரையில் ஒரு வயோதிபத் தம்பதியர் தம் தோணியை உலரவைத்துக்கொண்டு எங்களுக்கு ஆப்பிள் கொடுத்தார்கள். முப்பது வருடமாக இங்கே வருபவர்கள். ஏரிகள் இப்போது பழையபடி நீலமாக இல்லை, சற்றே பழுப்பேறி வருகின்றன என்றார் அந்த அம்மையார். எங்களுக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

என்றாலும் எல்லாம் திரும்பிவிடவில்லை. நூறாண்டு அமிலம் காட்டு மண்ணிலிருந்த கல்சியத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஓடு வளர்க்கக் கல்சியம் வேண்டிய டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்ப்பூச்சி பல ஏரிகளில் குறைந்து, அந்த இடத்தை உடம்பைச் சுற்றி வழுவழுப்பான கூழ் போர்த்திய இன்னொன்று பிடித்திருக்கிறது. கூழ் போர்த்தியதைச் சிறிய உயிரினங்களால் எளிதில் தின்ன முடியாது. கூட்டம் பெருகினால் நீர்க்குழாய் வடிகளும் அடைபடுகின்றன. கண்ணுக்கு எளிதில் படாத ஒரு பூச்சி மாறியதால் மீனின் உணவும் மனிதனின் குடிநீரும் மாட்டிக்கொள்கின்றன. காற்றை நாசமாக்கியவர்கள் இந்தக் கணக்கை ஒருநாளும் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மதியம் மூன்று மணிக்குக் கிராமத்துத் துறையில் வைட்ஃபிஷ் பொரியலும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். 40 நிமிடம் வெயிலில் வரிசை, ஆளுக்கு 24 டொலர். ஆனால் அன்றைக்குப் பிடித்த மீன், மேற்தோல் மொறுமொறுவென்று, உள்ளே நீர் வற்றாமல் இருந்தது. நம்மூர் மிளகாய்த்தூளைப் பையிலிருந்து எடுத்துத் தூவியதைப் பார்த்த பக்கத்து மேசைப் பையன் தனக்கும் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த மீன் ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவிலிருந்து வந்தது. குடா மிகப் பெரியது, அதன் நீரில் சுண்ணாம்பும் கரைந்திருக்கிறது, அது அமிலமாகவில்லை. இரண்டு கிலோமீற்றர் உள்ளே, மலைமேல் ஏரியை நம்பிய மீனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

திரும்பும் வழியில் கணவர் அறோறா ட்ரவுட் என்ற மீனின் கதையைத் தொலைபேசியில் வாசித்துச் சொல்லச் சொன்னார். சட்பெரிக்கு வடக்கே இரண்டு சிறு ஏரிகளில் மட்டும் வாழ்ந்த இனம். ஏரிகள் அமிலமாகி இயற்கையில் அது அடியோடு அழிந்தது. அதற்கு முன்பே, 1950களில், மூன்று பெண்ணும் ஆறு ஆணுமாக ஒன்பது மீன்களைப் பிடித்துப் பண்ணையில் வளர்த்திருந்தார்கள். சுண்ணாம்பு போட்டு ஏரியைத் தேற்றி 1990இல் மீண்டும் விட்டபோது, அந்த ஒன்பதின் சந்ததிதான் வீடு திரும்பியது. மகள் பின் இருக்கையில் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை. ராம்சே ஏரி

புகை விலகிவிட்டது. ஊரை விட்டுப் புறப்படுமுன் ராம்சே ஏரிக்குப் போனோம். சட்பெரி நகர எல்லைக்குள் மட்டும் 330 ஏரிகள். ராம்சே குடிநீரும் கொடுக்கிறது. மலைகள் மொட்டையாக இருந்த காலத்தில் பெய்த மழை பாறையில் வழுகி ஒரேயடியாக ஏரிக்குள் விழும். மண்ணும் உலோகமும் கூடவே வரும். இப்போது மரம் மழையைத் தாங்கி மெல்ல இறக்குகிறது. அந்த வேலைக்கு மரம் சம்பளம் கேட்பதில்லை என்பதால்தானோ என்னவோ, அதை வெட்டும்போது யாரும் அதன் பெறுமதியை எழுதி வைக்கவில்லை.

வழியில், பிரெஞ்சு பேசும் ஒரு பெண்மணி வாகனத்தின் பின்கதவைத் திறந்து வைத்துக் காட்டுப் புளுபெரி விற்றுக்கொண்டிருந்தார். லீற்றர் கூடை 15 டொலர். கடையில் கிடைப்பதைவிட மிகச் சிறியவை, இனிப்போடு புளிப்பும் கூடியவை. அமில மண்ணைத் தாங்கும் செடி என்பதால் மொட்டை மலைகளிலும் அது பிழைத்திருந்தது. வேறொன்றும் விளையாத காலத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைத்தான் பறித்து விற்றார்கள் என்றார். கூடையை நிறைத்த பிறகும் மேலே ஒரு கைப்பிடி போட்டார்.

ஏரிக்கரை நடைபாதைக்கு அருகே ஒரு பேர்ச் மரத்தின் வடக்குப் பக்கத்தில், நம்மூர்ச் சத நாணயம் அளவில், சாம்பல் பச்சையாகக் கல்பாசி ஒட்டியிருந்தது. மகள் அதைத் தொடாமல், முகத்தை அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா அந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மூன்று இருக்கிறது" என்றார்.

அப்போதுதான் நீரில் லூன் பறவையைக் கண்டோம். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முதுகு, பக்கத்தில் பழுப்பு நிறத்தில் அரைவாசி வளர்ந்த குஞ்சு ஒன்று. மீனில்லாத அமில ஏரிகளில் இந்தப் பறவைகள் முட்டையிட்டாலும் குஞ்சுகள் பட்டினியில் மாண்டுவிடும். தாய் தந்தை பூச்சியைக் கொண்டுவந்து ஊட்டிப் பார்த்தும் போதாது. பெரியது மூழ்கியது. குஞ்சு அசையாமல் நீரைப் பார்த்துக் காத்திருந்தது. எழுந்தபோது அலகில் ஒன்றும் இல்லை. மறுபடி மூழ்கியது. நாங்கள் எண்ணத் தொடங்கினோம். நாலு, ஐந்து. புளுபெரிச் சாறு என் விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. ஏழாவது முறை எழுந்தபோது அலகின் குறுக்கே சின்னதாக ஒரு வெள்ளி மின்னியது. குஞ்சு நீரைச் சிதறடித்துக்கொண்டு பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டது.